ஒரு பல் பின்னால்

கோபம் வந்தால் என் வாய் நிற்காது. ஒரு காரின் பொனட்டைத் திறந்தேன் என்றால், எனக்கு முன்னால் அதில் கை வைத்தவனை நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் ஸ்பானரை எடுப்பேன். முப்பத்திரண்டு வருடத்தில் திருகோணமலையில் நான் திட்டாத மெக்கானிக் ஒருவனும் மிச்சமில்லை. "நீங்க கையால பாக்கிற வேலையவிட வாயால பாக்கிற வேலைதான் கூட" என்பாள் என் மனைவி சுஹைரா. அந்த வாய் பார்த்த வேலை ஒன்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பெயர் பக்கீர். இளையவர்கள் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவார்கள். வீடு கிண்ணியாவில். கராஜ், ஓர்ஸ் ஹில் ஏற்றம் தொடங்கும் இடத்தில், உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கிறது. பழைய டீசல் எஞ்சின்தான் என் தொழில். கம்பியூட்டரைச் செருகிப் பிழை பார்க்கிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களால் ஏலாத வண்டிகள் என்னிடம் வரும். அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு, மறைப்பதற்கில்லை.

போன மார்கழியில் ஒரு திங்கட்கிழமை கீர்த்தனி தன் தகப்பனின் காரைக் கொண்டுவந்தாள். எண்பத்தெட்டாம் ஆண்டு ஜப்பான் டீசல் கார். எட்டு வருடமாகக் கப்பல்துறையில் அவர்கள் வீட்டுக் கொட்டிலில் கிடந்தது. கிழமைக்கு ஒருக்கால், வெயில் ஏறிய பிறகு ஸ்டார்ட் பண்ணி, வாசல் படலை வரை ஓட்டி, திரும்பக் கொண்டுபோய் விடுவாளாம். இப்போது தாய்க்குக் கண் கிளினிக். தனக்கும் ஓர்ஸ் ஹில்லில் ஓர் அலுவலகத்தில் வேலை. அதனால் ஒரு மாதமாகத்தான் காரை வீதிக்கு எடுத்திருந்தாள்.

"நானா, காலமையில ஸ்டார்ட் எடுக்குதில்ல. எடுத்தாலும் ஒரே வெள்ளைப் புகை. இந்த ஏத்தத்தில முதலாம் கியரிலயும் இழுக்கேலாமக் கிடக்கு" என்றாள்.

"முப்பத்தாறு வயசு வண்டி பிள்ளை. மனுசனுக்கு எண்டா தொண்ணூறு. ஏத்தத்தில இருமத்தான் செய்யும். வச்சிட்டுப் போங்க, பாக்கிறன்."

அவள் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமைக்கு முதல் தந்திடுங்கோ. அண்டைக்கு அப்பாட திவசம்" என்றாள்.

அந்தக் காரைப் பற்றிக் கப்பல்துறையில் எல்லோருக்கும் ஒரு கதை தெரியும். அதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

தகப்பன் சோமசேகரம் துறைமுகத்தில் கிளாக்காக இருந்தவர். இரண்டாயிரத்துப் பதினாறு மார்கழியில், மழை கொட்டிய ஒரு விடியற்காலையில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. மனைவி கமலேஸ்வரி, பள்ளிக்கூட ரீச்சர், அவரைப் பின் சீட்டில் ஏற்றி, தலையை மடியில் வைத்துக்கொண்டார். மகன் சுகிர்தன் முன்னால் இருந்து திறப்பைத் திருப்பினான். எடுக்கவில்லை. மறுபடியும் திருப்பினான். எடுக்கவில்லை. அடுத்ததில் எடுத்துவிடும், அடுத்ததில் எடுத்துவிடும் என்று வேறு வாகனம் தேடவும் போகவில்லை. ரீச்சர் மடியில் கணவனை வைத்துக்கொண்டு எண்ணியிருக்கிறார். பதினோராம் தரம்தான் எஞ்சின் எடுத்தது. எடுத்த பிறகும் வண்டி ஓடவில்லை, ஊர்ந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர், "கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருக்கலாமே" என்றார். சோமசேகரம் அதற்குள் போய்விட்டார்.

தகப்பனும் மகனும் அப்போது இரண்டு கிழமையாக முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. சண்டை இந்தக் காரால்தான். காலையில் எடுக்காத காரை விற்றுவிட்டு ஓர் ஓட்டோ வாங்குவோம் என்று மகன் சொல்லியிருக்கிறான். "பக்கீர் பார்த்த வண்டியில குறை பிடிக்காத" என்று தகப்பன் பாய்ந்திருக்கிறார். பொடியன் என்னிடமும் இரண்டு தரம் வந்து சொன்னான். ஹீட்டர் பிளக் சூடேற நேரம் கொடுக்காமல் திருப்பினால் எந்த எஞ்சின் எடுக்கும், முதலில் பொறுமையைப் படி என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவர் செத்த அன்று பதினொரு மணிபோல நான் செத்தவீட்டுக்குப் போனேன். மழை விட்டு வெயில் எரித்தது. முற்றம் நிறையச் சனம். ரீச்சர் எல்லோருக்கும் முன்னால் என்னைக் கூப்பிட்டார். "பக்கீர், இந்தக் காரில பிழை இருக்கோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ. என்ர பிள்ளை பதினொரு தரம் திருப்பினவன்." நான் ஏறிக் குந்தி, திறப்பை ஒரே ஒரு தரம் திருப்பினேன். எஞ்சின் எடுத்தது. இறங்கி வந்து, முற்றத்தில் நின்ற முப்பது பேருக்கும் கேட்கச் சொன்னேன்.

"வண்டியில ஒரு பிழையும் இல்ல. திருப்பத் தெரிஞ்சவன் திருப்பினா எடுக்கும்."

சுகிர்தன் பந்தல் காலைப் பிடித்தபடி நின்று என்னையே பார்த்தான். அதை நான் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து ரீச்சருக்கு ஒரே முடிவு: தகப்பனோடு இருந்த கோபத்தில், தான் சொன்னது சரி என்று காட்டுவதற்காகவே மகன் ஸ்டார்ட்டை வேண்டுமென்று கெடுத்தான். முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த கையோடு அவன் வீட்டை விட்டுப் போனான். இப்போது இலங்கைத்துறையில் கல்யாணம் முடித்து, மீன் லொறி ஓட்டுகிறான். ஐந்து வயதில் ஒரு மகள். ரீச்சர் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததில்லை. பெற்ற மகன் உயிரோடு இருக்க, தன் தம்பியைக் கொண்டுதான் கணவனுக்குத் திவசம் செய்விக்கிறார். சுகிர்தன் ஒவ்வொரு வருடமும் வருவான். படலைக்கு வெளியே நின்று, ஐயர் மந்திரம் சொல்லி முடிந்ததும் திரும்பிப் போய்விடுவான். உள்ளே கூப்பிட ஆளில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. தாய்க்கும் மகனுக்கும் இடையிலான கதை, நமக்கென்ன என்று இருந்தேன்.

இனிக் காருக்கு வருகிறேன்.

பழைய டீசலுக்கு என் முதல் விதி, வண்டியை இரவு முழுக்க ஆற விட்டு, காலையில் குளிர் எஞ்சினில் திருப்பிப் பார்ப்பது. சூடான எஞ்சின் பொய் சொல்லும். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குத் திருப்பினேன். ஒன்பதாம் தரம் எடுத்தது. கராஜ் முழுக்க வெள்ளைப் புகை, கண்ணைக் கரிக்கும் பச்சை டீசல் வாசம். சத்தமும் சரியில்லை. டீசலுக்கு இருக்க வேண்டிய அந்தத் தட்டும் சத்தம் இல்லை, சளி பிடித்தவன் கதைப்பது மாதிரி அமுங்கிக் கிடந்தது.

ஹீட்டர் பிளக் நாலையும் கழற்றிப் பற்றரியில் தொடுத்தேன். நாலும் சிவந்தன. டீசல் வரும் குழாயில் காற்று இழுக்கிறதா என்று கண்ணாடிக் குழாய் போட்டுப் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை. டீசல் தெளிக்கும் நொசில்களைக் கழற்றி அடித்துப் பார்த்தேன். பனி மாதிரித் தெளித்தன. எஞ்சினுக்குள் காற்றின் அமுக்கம் பார்த்தேன். இந்த வயதில் அப்படி ஓர் அமுக்கம் இருக்கிறதே என்று எனக்கே ஆச்சரியம். எஞ்சின் திடகாத்திரமாக இருக்கிறது, ஆனால் விடிந்தால் எழும்ப மாட்டேன் என்கிறது. அப்படியென்றால் மிச்சம் ஒன்றுதான்: நேரம்.

டீசல் எஞ்சினில் நெருப்புப் பொறி கிடையாது. உள்ளே காற்று நெரிபட்டுச் சூடாகும் அந்தக் கணத்தில் பம்ப் டீசலைத் தெளிக்க வேண்டும். கொஞ்சம் பிந்தித் தெளித்தாலும் டீசல் எரியாமல் வெள்ளைப் புகையாகப் போய்விடும். எஞ்சினையும் பம்பையும் ஒரே நேரத்தில் வைத்திருப்பது பல்லு வைத்த ஒரு றப்பர் பட்டி, அதுதான் டைமிங் பெல்ட். சின்னப் பிந்தல் என்றால் பெல்ட்டைத் தொடத் தேவையில்லை. பம்பின் ஆணிகளை இளக்கி, பம்பை எஞ்சின் பக்கம் கொஞ்சம் திருப்பினால் சரிவரும்.

ஆணியை இளக்கப் போனவன் அப்படியே நின்றேன். பம்ப் ஏற்கெனவே கடைசி வரை திருப்பிக் கிடந்தது. இனித் திருப்ப ஒரு நூல் இடம் இல்லை. யாரோ ஒருவன் பிழையை அறிந்து, அதை உள்ளே போய்ப் பார்க்காமல், மேலால் மூடி விட்டிருக்கிறான்.

அந்த நேரம் பார்த்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கீர்த்தனி மேலே அலுவலகத்தில் இருந்து இறங்கி வந்து கதிரையில் இருந்தாள். எனக்கு வாய் திறந்துவிட்டது.

"பாருங்க பிள்ளை, எவனோ ஒரு கழுத பாத்த வேலைய. பெல்ட்ட ஒரு பல்லு பிந்திப் போட்டிட்டு, அத மறைக்கிறதுக்குப் பம்ப இழுத்துத் திருப்பி வச்சிருக்கான். இவனுக்கெல்லாம் ஸ்பானர் என்னத்துக்கு? மாடு மேய்க்கப் போயிருக்கலாம். ஆருட்டக் குடுத்தீங்க?"

"உங்களிட்ட மட்டும்தானே நானா அப்பா விடுறவர்."

"அதுக்குப் பிறகு?"

"பிறகு ஒருத்தரும் தொடேல்ல. பற்றரி மட்டும் மாத்தினது."

"இடையில ஆரோ தொட்டிருக்கான். உங்களுக்குத் தெரியாது" என்றேன். அப்படிச் சொன்னபடியே பெல்ட் மூடியின் கடைசி ஆணியைக் கழற்றி, மூடியை எடுத்து, உள்பக்கத்தைத் திருப்பினேன்.

மூடியின் உள்ளே, எழுத்துப் பிழை அழிக்கும் வெள்ளை டிப்பெக்ஸால் எழுதியிருந்தது. ப. அதற்குக் கீழே 2016-09.

பெல்ட் மாற்றினால் மூடியின் உள்ளே என் எழுத்தும் மாதமும் போடுவது என் வழக்கம். அந்த 'ப'வின் கால் கொஞ்சம் சரிந்திருக்கும். இருபது வருடமாக அப்படித்தான் எழுதுகிறேன்.

உள்ளே பார்த்தேன். பம்பின் பல்லுச் சக்கரத்தில் என் வெள்ளைக் கோடு, எதிரே எஞ்சின் உடம்பில் இன்னொரு வெள்ளைக் கோடு. இரண்டும் நூல் பிடித்த மாதிரி நேருக்கு நேர். சந்தோசமாகத்தான் இருந்தது, ஒரு கணம். பிறகு சீலைத்துண்டை டீசலில் நனைத்துச் சக்கரத்தின் விளிம்பைத் துடைத்தேன். பழைய கிறீசுக்குக் கீழே கொம்பனி போட்ட வெட்டு தெரிந்தது. என் கோட்டில் இருந்து தள்ளி நின்றது. எண்ணிப் பார்த்தேன். எண்ண என்ன இருக்கிறது, ஒரு பல்.

வீதியில் லொறி போவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. பதினொரு தரம் என்று ரீச்சர் சொன்னது மட்டும் கேட்டது.

"என்ன நானா, பிடிச்சிட்டீங்களோ?" கீர்த்தனி கதிரையில் இருந்து கேட்டாள்.

என் கையில் டீசல் சீலை இருந்தது. டிப்பெக்ஸ் டீசலுக்கு நிற்காது. மூடியில் ஒரு இழுப்பு, சக்கரத்தில் ஒரு இழுப்பு, முடிந்தது கதை. நான் அதை நினைக்கவில்லை என்று சொன்னால் அல்லாஹ் பொறுக்க மாட்டான். நினைத்தேன். மூடியின் மேல் சீலையை வைத்தும் விட்டேன். 'ப'வின் சரிந்த கால் கொஞ்சம் கரைந்துபோனது. அதோடு கையை எடுத்துவிட்டேன்.

"ஓம் பிள்ளை. ஒரு பல்லு பின்னால நிக்குது. வியாழக்கிழமை நானே வீட்ட கொண்டாந்து விடுறன்" என்றேன்.

"ஆர் பாத்த வேலை எண்டு தெரியுதோ?"

"வியாழக்கிழமை சொல்றன்."

அவள் போன பிறகு அந்தக் கதிரையில் நான் இருந்தேன். எல்லாம் கோவையாக வந்தது. பெல்ட் மாற்றிய அன்று ஒரு வெள்ளிக்கிழமை. பழைய பெல்ட்டைக் கழற்றி, கோடுகள் போட்டு வைத்த நேரம் ஜும்மாவுக்கு பாங்கு சொன்னது. அப்படியே விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். பம்புக்குள் சுருள் இருக்கிறது, பெல்ட் இல்லாவிட்டால் சக்கரம் தானாக ஒரு துள்ளுத் துள்ளும். எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்த விசயம். நான் திரும்பி வந்தபோது சக்கரத்தில் இருந்த கோடு எண்ணெயில் அழிந்திருந்தது. கிறீசைச் சுரண்டி கொம்பனி வெட்டைப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. என் கோட்டில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. சக்கரம் நின்ற இடத்திலேயே புதுக் கோட்டைப் போட்டு, அதற்குப் பெல்ட்டை மாட்டினேன். ஸ்டார்ட் பண்ணியபோது சத்தம் அமுங்கிக் கேட்டது. பம்பைக் கடைசி வரை திருப்பினேன். மத்தியான வெயிலில் அதோடு ஓடியது. புது பெல்ட், போகப் போகப் பழகிவிடும் என்று சோமசேகரத்திடம் சொன்னேன். அவர் நம்பினார். கப்பல்துறையில் என்னை நம்பாதவன் அந்தப் பொடியன் ஒருவன்தான்.

செத்தவீட்டில் நான் திருப்பியபோது ஏன் எடுத்தது? ஆஸ்பத்திரியில் இருந்து காரை ஒன்பது மணிக்கு யாரோ ஓட்டி வந்திருந்தார்கள். எஞ்சின் இன்னும் சூடு, மேலே வெயில். குளிர் எஞ்சினில் பார் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன், அன்றைக்கு மட்டும் அதைச் செய்யவில்லை. செத்தவீட்டில் வைத்து என் வேலையில் பிழை என்று ஆகிவிடக் கூடாது என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

முந்திக் கொண்டுபோயிருந்தாலும் அவர் பிழைத்திருப்பாரா, யார் கண்டது என்றும் ஒரு எண்ணம் வந்தது. அது கள்ளனுக்கு வருகிற ஆறுதல். அசர் தொழுகைக்கு நின்றேன், எத்தனை ரக்அத் தொழுதேன் என்று மறந்துபோய்த் திரும்பவும் தொழுதேன்.

பொழுதுபட வீட்டுக்குப் போய் சுஹைராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மாவு பிசைந்த கையோடு கேட்டுக்கொண்டு நின்றாள். ஏசுவாள் என்று நினைத்தேன், ஏசவில்லை.

"அண்டைக்கு எத்தின பேருக்கு முன்னால சொன்னீங்க?"

"முப்பது பேர் இருக்கும்."

"அப்ப ரீச்சருக்கு மட்டும் ரகசியமாச் சொல்லி வேலையில்ல" என்றாள். திரும்ப மாவைப் பிசையத் தொடங்கினாள்.

புதன்கிழமை பெல்ட்டைக் கழற்றி, கொம்பனி வெட்டுக்கு வைத்து மாட்டினேன். ஏழு தரம் சரிபார்த்தேன். பம்பை நடுவில் கொண்டுவந்து இறுக்கினேன். என் பழைய வெள்ளைக் கோட்டை அழிக்கவில்லை. வியாழன் பின்னேரம் காரைக் கப்பல்துறையில் கொண்டுபோய் விட்டு, காலையில் ஒருவரும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம், நான் வருவேன் என்று கீர்த்தனியிடம் மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். இரவு முழுக்க மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. முற்றத்தில் சொந்தக்காரர் இருபது பேர் அளவில் நின்றார்கள். ஐயர் வந்து அரிசி, எள்ளு, பூ எல்லாம் பரப்பிக்கொண்டிருந்தார். ரீச்சரின் தம்பி குளித்து ஈர வேட்டியோடு நின்றார். படலைக்கு வெளியே, மீன் லொறியை வீதியோரம் விட்டுவிட்டு, சுகிர்தன். தலையில் நரை விழுந்திருந்தது. முப்பத்தைந்து வயதில்.

நான் முற்றத்தின் நடுவில் போய் நின்றேன்.

"ரீச்சர், எட்டு வருசத்துக்கு முந்தி இந்த இடத்தில நிண்டு நான் ஒரு கதை சொன்னனான். வண்டியில பிழை இல்ல எண்டு. அது பிழையான கதை. வண்டியில பிழை இருந்தது. செய்தவன் நான்தான்."

ஐயரின் கை பூத்தட்டில் அப்படியே நின்றது. கீர்த்தனி வாயைப் பொத்திக்கொண்டாள். கொட்டிலில் நின்ற காரின் பெல்ட் மூடியைக் கழற்றிக் கொண்டுவந்து ரீச்சருக்குக் காட்டினேன், என் எழுத்தையும் மாதத்தையும் காட்டினேன். ஒரு பல் பிந்தினால் குளிரில் எப்படி எடுக்காது என்று எனக்குத் தெரிந்த மாதிரி விளங்கப்படுத்தினேன். அவருக்கு அது ஏறவில்லை.

"நீங்கள் ஒரே திருப்பில எடுத்தனீங்கள், பக்கீர். நான் பாத்தனான்."

"அது சூடான எஞ்சின் ரீச்சர். ஆஸ்பத்திரியால வந்து ரெண்டு மணித்தியாலம். அத நான் அண்டைக்கு யோசிக்கேல்ல. யோசிக்க விரும்பேல்ல."

"அவன் பதினொரு தரம் திருப்பினவன். நான் எண்ணினனான்."

"இப்பவும் எண்ணுங்க. அண்டைய மாதிரித்தான், மழை, குளிர், விடியக்காலம். ராவு முழுக்க ஆறின எஞ்சின். அவரே திருப்பட்டும்."

நான் படலையடிக்குப் போய்த் திறப்பை நீட்டினேன். சுகிர்தன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"நான் மாட்டன் நானா. நான் தொட மாட்டன்."

"தம்பி, எனக்காக இல்ல."

அதற்குள் ரீச்சர் எழும்பியிருந்தார். குளித்த தலை துவட்டாமல் நீர் சொட்டியது. ஒருவரையும் பார்க்காமல் கொட்டிலுக்குப் போய், காரின் பின் கதவைத் திறந்து ஏறி, அன்றைக்கு இருந்த அதே பக்கம் இருந்தார். மடியைச் சரிசெய்துகொண்டார். யாரோ ஒருவரின் தலைக்கு இடம் விட்ட மாதிரி இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் சுகிர்தன் திறப்பை வாங்கினான். எட்டு வருடத்துக்குப் பிறகு படலைக்கு உள்ளே கால் வைத்தான்.

முன்னால் ஏறி இருந்தான். ஹீட்டர் வெளிச்சம் அணையும் வரைக்கும் பொறுத்தான். திருப்பினான்.

"ஒண்டு" என்றார் ரீச்சர்.

எஞ்சின் எடுத்துவிட்டது.

புகை இல்லை. கணீரென்று, தட்டும் தாளமுமாக ஓடியது. ரீச்சரின் வாய் இரண்டு என்று சொல்வதற்குத் திறந்தபடி நின்றது. இரண்டு வரவில்லை. அவர் இரண்டைக் காத்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் இருக்கும், எனக்கு அது ஒரு நாள். பிறகு அவர் வாயை மூடி, முன் சீட்டில் இருந்தவனின் பிடரியைப் பார்த்தார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

முற்றத்தில் இருந்து ஐயர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அம்மா, நேரம் போகுது. தர்ப்பை ஆருக்குப் போடுறது?"

"மகனுக்கு" என்றார் ரீச்சர், காருக்குள் இருந்தே.

அவரின் தம்பி விலகி நின்றார். சுகிர்தன் இறங்கினான். கிணற்றடிக்குக் குளிக்கப் போகிறவன், என்னருகில் வந்து நின்றான். அடிக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். அடிக்கட்டும் என்று நின்றேன். அவன் குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னான்.

"நானா, அம்மாவில எனக்குக் கோவம் இருக்கேல்ல. நான்தான் திருப்பத் தெரியாமத் திருப்பி அப்பாவச் சாகக் குடுத்தனான் எண்டு நானும் நம்பினனான். பக்கீர் நானா சொன்னாப் பிழைக்காது எண்டு. எட்டு வருசமா ஒவ்வொரு நாளும் லொறித் திறப்பத் திருப்பேக்க கை நடுங்கும்."

அன்றைக்குப் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அவன் என்னைப் பார்த்தது திமிர் இல்லை. நான் சொன்னதை நம்பிக்கொண்டு நின்றிருக்கிறான். ஊரில் என்னை நம்பாதவன் இவன் ஒருவன்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

அவன் கிணற்றடிக்குப் போனான். வாளி விழும் சத்தம் கேட்டது. ரீச்சர் காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் கதைக்கிற அதே தெளிவான குரலில் சொன்னார்.

"நீங்கள் போங்கோ, பக்கீர்."

போனேன். படலையைத் தாண்டி, மீன் லொறியைத் தாண்டி, சேற்றில் கால் புதைய நடந்தேன். எஞ்சினை நிறுத்த ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. கண்டி வீதியில் பஸ்ஸுக்கு வந்து நிற்கும் வரைக்கும் அந்தச் சத்தம் எனக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. பழக்க தோசத்தில் காது கொடுத்துக் கேட்டேன். ஒரு பிழையும் இல்லை.